பிள்ளைக் காம்பராவுக்குக் கட்டில் தேர்ந்தெடுத்தோம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பிள்ளைக் காம்பராவின் கூரையில் தொங்கிய சேலைத் தொட்டில்களைப் பார்த்துவிட்டு, முன்னேறும் நாட்டில் குழந்தைகள் வௌவால் போலத் தொங்கக் கூடாது என்றார்.

2. அன்று மாலையே தொட்டில்கள் அவிழ்க்கப்பட்டன. தகுந்த படுக்கை வரும்வரை கைக்குழந்தைகளை ஏற்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

3. தகுந்த படுக்கையைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்தார்கள். அதில் நானும் இருந்தேன்.

4. கைக்குழந்தைகள் லயத்திலேயே, தொழிலாளர் வீட்டு வரிசையிலேயே, தங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்ள அக்காமார் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள்.

5. குழு கூடியது. மறுபடியும் கூடியது. முயலா வாத்தா என்பதில் கருத்து வேறுபட்டது.

6. பதுளையிலிருந்து கட்டில்கள் வந்தன. திறப்பு விழா நடந்தது.

7. முதல் கட்டிலில் முதலில் படுத்தது ஒரு கல்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம். எங்களுடையது நீளமான ஒற்றை அறை. சீமெந்துத் தரை, தகரக் கூரை. அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே மலைச்சரிவில் இருந்ததால், கதவைத் திறந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். தரை காய்வதில்லை. ஆகவே கைக்குழந்தைகளைத் தாய்மார் கூரை மரத்தில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். இதற்கு யாரும் குழு அமைத்ததாகத் தெரியவில்லை.

நான் பதுளையில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, லயங்களின் கூரைகளை அளப்பதற்காகத் தோட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். எந்தத் தகரம் ஒழுகுகிறது, எந்தக் கைமரம் இற்றுவிட்டது என்று எழுதிக் கொடுப்பேன். அலுவலகத்தில் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். கூரை தொடர்ந்து ஒழுகும். என்னைக் குழுவில் சேர்த்ததற்குக் காரணங்கள் மூன்று. நான் பெண். என்னிடம் அளவு நாடா இருந்தது. எனக்குக் குழந்தைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆகவே சொந்த விருப்பு வெறுப்பு இருக்காது. மூன்றாவது காரணத்தைத் துரைசாணியே என்னிடம் சொன்னார், பாராட்டாக.

துரைசாணி என்றால் தோட்டத்தை நடத்தும் பெரியதுரையின் மனைவி. குழுவுக்குத் தலைமை அவர்தான். அவருடைய தமிழ் பங்களாவின் சமையலறையில் கற்றது. அதில் ஏவல்கள் மட்டுமே இருந்தன. மற்ற இருவரில் ஒருவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். இன்னொருவர் மருந்தகத்தை நடத்திவந்த மருந்தையா. நால்வரில் ஒருவர்கூட ஒரு குழந்தையைத் தூங்க வைத்ததில்லை என்பது இரண்டாம் கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போது தற்செயலாகத் தெரியவந்தது. துரைசாணியின் பிள்ளைகளைப் பங்களா ஆயா தூங்க வைத்தாள். தலைவரின் பிள்ளைகளை அவர் மனைவி. மருந்தையாவுக்கு எல்லாம் மருந்துதான். இதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் கூட்டத்துக்கு நான் படுக்கை வகைகளை எழுதி எடுத்துப்போனேன். பன்பாய்: மலிவு, ஆனால் சீமெந்தின் ஈரம் மதியத்துக்குள் மேலே ஏறிவிடும். ஸ்பஞ்ச் மெத்தை: ஒருமுறை நனைந்தால் காய்வதற்கு ஒரு வாரம் வெயில் வேண்டும். அப்புத்தளை யாருக்கும் அப்படித் தொடர்ந்து வெயில் கொடுத்ததில்லை. கன்வஸ் கட்டில்: தாழ்வானது, மடிக்கலாம், கழுவலாம். சட்டங்கள் அடித்த மரக்கட்டில்: கனமானது, ஆனால் காற்றோட்டம் உண்டு. கன்வஸ் கட்டிலின் கீழே நான் கோடு போட்டிருந்தேன்.

“இது பொலிஸ்காரன் படுக்கிறது,” என்றார் துரைசாணி. “வெட்டு.”

வெட்டினேன்.

தலைவருக்கு வேறு கவலை. “பக்கத்துத் தோட்டத்துல இரும்புக் கட்டில் போட்டிருக்கான். நம்ம கட்டில் அதவிட ஒரு சாண் நீளமா இருக்கணும்.”

“எல்லாத் தோட்டத்திலயும் கைக்குழந்தை ஒரே அளவுதானே, தலைவரே.”

“நீங்க படிச்சவங்க, இப்படிப் பேசலாமா? புள்ளைக்கா கட்டில் வாங்குறோம்? தோட்டத்துக்கு வாங்குறோம்.”

மருந்தையா ஒவ்வொரு கட்டிலுக்கும் நுளம்பு கடிக்காதபடி வலை வேண்டும் என்றார். எங்கள் உயரத்தில் நுளம்பு இருந்ததில்லை. அதைச் சொன்னேன்.

“இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரலாம்,” என்றார் அவர்.

“வரட்டுங்க ஐயா,” என்றார் தலைவர். “இந்தக் குளிருல வந்தா அதுக்கும் ஒரு கட்டில் போட்டுக் குடுப்போம்.”

பிள்ளைக் காம்பராவின் ஆயாவைக் குழுவில் சேர்க்கவில்லை. அவளிடம் தனியாகக் கேட்டுப் பார்ப்போம் என்று போனேன். யாரும் கேட்காத ஒரு ஞானம் அவளிடம் இருக்கும் என்று நம்பினேன். ஆயா அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“கட்டிலே வாங்கிருங்க மிஸ்ஸி,” என்றாள். “தொட்டின்னா கை ஓயாம ஆட்டணும். கட்டில்ல போட்டா, அழுதாலும் ஒரே எடத்துல கெடந்து அழும்.”

“இப்ப கைக்குழந்தை இல்லாம எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு. கூட்டத்த மெதுவாவே நடத்துங்க.”

மெதுவாக நடப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை அந்த வாரமே பார்த்தேன். கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் கூரை அளக்கப் போயிருந்தேன். உள்ளே ஒரு சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கயிறு தரைவரை வந்து ஒரு சிறுமியின் கால் பெருவிரலில் முடிந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாக்கியம் முடியும் இடத்தில் கால் நிற்கும். தொட்டிலுக்குள்ளிருந்து முனகல் வரும். அடுத்த வாக்கியம் தொடங்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாய் வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடியே குனிந்து குழந்தையைத் தூக்கினாள். மலையில் வேகமான கை அவளுடையது என்று கங்காணியே சொல்வதுண்டு.

“கட்டில் எப்ப வரும், மிஸ்ஸி?”

“அடுத்த வாரம் கூட்டம் இருக்கு, அக்கா.”

“போன வாரமும் கூட்டந்தான சொன்னீங்க. அப்ப புள்ளயக் கூட்டத்துக்கே கொண்டாரவா? அங்க எல்லாரும் தூங்கிக்கிட்டுத்தான இருக்கீங்க.”

சிறுமி சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. “வாத்தியார் சொல்லிட்டாரு. தவணைப் பரீட்ச எழுதாட்டி இவ ரெண்டாம் வகுப்புலயே இன்னொரு வருசமாம். நான் வேலைய விட்டு நின்னா சோறு இல்ல. இவ நின்னா படிப்பு இல்ல. கைப்புள்ளய நிப்பாட்டவும் முடியாது, அதுக்கு நிக்கவே தெரியாது.”

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். துரைசாணி உண்மையாகவே வருந்தினார். பிறகு கட்டிலின் தலைமாட்டில் முயல் வரைவதா வாத்து வரைவதா என்ற விஷயத்துக்குப் போனோம். அந்த மாலை அதிலேயே கழிந்தது. தலைவர், எதுவானாலும் பக்கத்துத் தோட்டத்தில் இல்லாத மிருகமாக இருக்க வேண்டும் என்றார்.

கடைசியில் நானும் துரைசாணியும் ஜீப்பில் பதுளைக்குப் போனோம். கடைவீதியில் தளபாடக் கடை வைத்திருந்த முதலாளி எங்களுக்கு நாற்காலி போட்டு, சோடா வரவழைத்து, ஒரு மரக்கட்டிலைக் கையால் தடவிக் காட்டினார்.

“இது தேக்கு மாதிரி, மகள்.”

“தேக்கா?”

“மாதிரின்னு சொன்னேனே.”

கட்டில் மோசமில்லை. அடியில் குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக அடித்திருந்தன. அளந்தேன், ஆட்டிப் பார்த்தேன், தலையசைத்தேன். துரைசாணி குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றி வரும் மரக்கறிப் பெட்டி மாதிரி இருக்கிறதாம்.

“சட்டம் எடு. பலகை போடு. வெள்ளை அடி,” என்றார்.

“பலகைன்னா வெல கூடும் நோனா. ஹார்ட்போர்ட் போட்டுத் தாரேன். கண்ணாடி மாதிரி இருக்கும்.”

கண்ணாடி மாதிரி என்பதை மட்டும் நான் நம்பினேன். சட்டகத்தின் அடிப்பக்கத்தில் ஹார்ட்போர்டை வைத்துச் சின்ன ஆணியால் அடித்தால், முழுப் பாரமும் ஆணியைப் பிடுங்கத்தான் பார்க்கும் என்று துரைசாணிக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

“குழந்தை எத்தனை ராத்தல்?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“தாங்கும்?”

“படுத்திருந்தா தாங்கும். எழும்பி நின்னா தாங்காது.”

“நிற்க வேண்டாம் என்று சொல்லு,” என்றார் துரைசாணி.

முதலாளி என்னை அனுதாபத்தோடு பார்த்தார். அவர் நாற்பது வருடமாக வியாபாரம் செய்கிறவர். கேட்பவர் கேட்டதைக் கொடுப்பார்.

கட்டில்கள் லீக்ஸ் ஏற்றப் போன லொறியில் வெலிமடை சுற்றி வந்து சேர்ந்தன. முயல்கள் சிவப்பாகவும் வாத்துகள் நீலமாகவும் இருந்தன. இரண்டையும் போட்டது குழு எட்டிய சமரசம். எல்லாம் லீக்ஸ் மணத்தன. மரக்கறிப் பெட்டியிலிருந்து முழுவதுமாகத் தப்ப முடியவில்லை.

திறப்பு விழாவுக்குக் கொழும்பு அதிகாரி மறுபடியும் வந்தார். கதவில் ரிப்பன் கட்டியிருந்தோம். தலைவர் அவருக்கு மாலை போட்டார். அவர் தலைவருக்கு அதே மாலையைப் போட்டார். மருந்தையா நுளம்பைப் பற்றிப் பேசினார். ஓரத்து மேசையில் வடையும் தேத்தண்ணியும் இருந்ததால் கூட்டம் பொறுமையாகக் கேட்டது. பிறகு துரைசாணி கீழ் லயத்துத் தாயை முன்னால் அழைத்தார். அவளுடைய மகன்தான் பட்டியலில் இளையவன். முதல் கட்டில் அவனுக்கு.

“போடு,” என்றார்.

தாய் போடவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்தபடி கட்டிலையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“குழவி வைக்காமலா?” என்றாள்.

புதுத் தொட்டிலில் பிள்ளையை முதலில் போடும் வழக்கம் எங்கள் மக்களிடம் இல்லை. அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, துணி சுற்றித் தொட்டிலில் கிடத்தி மூன்று முறை ஆட்டுவார்கள். பிள்ளை கல்லைப் போல உறுதியாக இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். வருகிற கண்ணேறு கல்லோடு போகட்டும் என்பார்கள் வேறு சிலர். எப்படியானாலும் கல் முதலில், பிள்ளை பிறகு. குழுவில் இருந்த நான் உட்பட யாருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. எங்களுக்குக் கட்டில் வேறு, தொட்டில் வேறு. தாய்மாருக்குப் பிள்ளை படுக்கிற இடம் எல்லாம் ஒன்றுதான்.

துரைசாணி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, மக்களின் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்றார். எங்கோ ஒரு கருத்தரங்கில் அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தலைவர் உடனே விழித்துக்கொண்டார். “நம்ம வீட்டுக் குழவியக் கொண்டாங்கப்பா. தோட்டத்துலயே பெரிசு அதுதான்.”

இரண்டு பேர் அதைச் சுமந்து வந்தார்கள். துரைசாணியிடம் போய், இது நாலு குழந்தை பாரம் இருக்கும், வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். பண்பாடு என்றார்.

கல்லைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சளும் பொட்டும் வைத்தார்கள். தாய் தன் பிள்ளையின் சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் போர்த்திக் கட்டிலில் கிடத்தினாள். ஹார்ட்போர்ட் ஒரு முறை பெருமூச்சு விட்டது. ஆனால் தாங்கியது. நான் படித்த படிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

“ஆட்டணும்,” என்றாள் ஆயா.

கட்டிலுக்கு நான்கு கால்கள். ஆடாது. ஆடக்கூடாது என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

“மூனு தடவ ஆட்டாம எப்படி?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. “அப்புறம் புள்ளைக்கு ஏதும் ஆனா யாரு பொறுப்பு, தலைவரா?”

தலைவர் பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டினார். தலைமாட்டை அவர் பிடித்தார். கால்மாட்டை மருந்தையா பிடித்தார். இருவரும் கட்டிலைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமுமாக ஆட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்றுக்கு நாங்கள் போகவில்லை. ஆணிகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வரிசையாகக் கழன்றன. பொத்தான்கள் தெறிப்பது போல ஒரு சத்தம். பிறகு சீமெந்தில் கல் விழுந்த சத்தம். குழவி குழந்தைச் சட்டையோடு உருண்டு, அதிகாரியின் சப்பாத்துகளுக்கு நடுவே நுழைந்து, வடை மேசையின் காலில் முட்டி நின்றது.

தலைவரும் மருந்தையாவும் அடியில்லாத சட்டகத்தை இன்னும் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். தாய் நடந்துபோய்க் குனிந்து, சட்டையை எடுத்து உதறினாள். குழவியைப் புரட்டிப் பார்த்தாள்.

“கல்லுக்கு ஒன்னும் ஆகல,” என்றாள்.

பதுளையில் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இருந்திருந்தால் இதற்குச் சுமைச் சோதனை என்று பெயர் சொல்லியிருப்பார். இவ்வளவு கண்டிப்பான சோதனையை எங்கள் வகுப்பில் யாரும் செய்ததில்லை.

அதிகாரி வடை சாப்பிட்டபடி யோசித்து, கட்டிலில் குறையில்லை, கட்டில் கல்லுக்காகச் செய்யப்பட்டதல்ல, இது முறையற்ற பாவனை என்று முடிவு சொன்னார். கட்டில்கள் பதுளைக்குத் திரும்பிப்போய் அடி மாற்றி வர வேண்டும். அதுவரை பழைய உத்தரவு தொடரும்.

“அப்ப எம்மக?” என்றாள் தாய்.

“என்ன மகள்?” என்று கேட்டார் அதிகாரி. “இது மகன்தானே?”

“புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்காளே, அவ. பரீட்ச வருது.”

“அடுத்த கூட்டத்துல எடுப்போம்,” என்றார் தலைவர், இன்னும் மூச்சு வாங்கியபடி.

அடுத்த கூட்டம் வரும் முன்பே கச்சான் காற்று வந்துவிட்டது. அந்த வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் பறிக்கும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும். துரைமாருக்கு அப்போது ஒவ்வொரு கையும் வேண்டும், முக்கியமாக வேகமான கை. கீழ் லயத்துத் தாய்க்கு இது தெரிந்திருந்தது. ஒரு காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில், அவளும் இன்னும் சில தாய்மாரும் வரிசையில் நிற்காமல் தோளில் பழைய சேலையும் இடுப்பில் பிள்ளையுமாகப் பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்தார்கள். ஆயா கத்திக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். பெரியதுரை நடந்தே போனார். நானும் பின்னால் போனேன்.

தாய் கட்டைப்பெட்டி மேல் ஏறி, கூரை மரத்தில் சேலையைப் போட்டு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கீழே நின்று பிள்ளையை வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சட்டை போட்டிருந்தாள். தோளில் துணிப்பை.

“இது கூடாது என்று உத்தரவு,” என்றார் துரை. அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

“தெரியும்ங்க தொரை.” அவள் இறங்கவில்லை. “புள்ள இதுல தூங்குனா நான் மலைக்குப் போறேன். தூங்கக் கூடாதுன்னா நானும் இங்கயே புள்ளயோட இருக்கேன், இவங்களும் இருப்பாங்க. ரெண்டுல எதுன்னு தொரை சொல்லட்டும்.”

துரை சன்னலுக்கு வெளியே பார்த்தார். மலை முழுக்கக் கொழுந்து நின்றது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். எங்கள் குழுவுக்கு மூன்று மாதம் போதாமல் இருந்த விஷயம், நெருப்புக்குச்சி அணைவதற்குள் முடிந்தது.

“அந்த மரம் தாங்குமா?” என்று என்னிடம் கேட்டார்.

“தாங்கும், சேர். முன்னமும் தாங்கியதுதான்.”

“எழுதிக் கொடுங்கள். தொட்டில் என்று எழுத வேண்டாம்.”

கூரையில் தொங்கும் வகைப் படுக்கை, பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது என்று எழுதினேன். கொழும்பு அதிகாரி அதைப் படித்துவிட்டு, இந்தப் புது வகையை மற்றத் தோட்டங்களிலும் முயலலாம் என்று பாராட்டிப் பதில் போட்டார். பொய்யாக நான் எதையும் எழுதவில்லை. அந்தக் கூரை மரத்தில் நானே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஆயா மட்டும் பார்த்தாள். “மிஸ்ஸிக்கும் ஒன்னு கட்டவா?” என்றாள்.

தாய் மலைக்குப் போனாள். மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சையில் சித்திரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றப் பாடங்கள் முந்திய வாரமே முடிந்துவிட்டன. வாத்தியாரிடம் நானே போய்ப் பேசிப் பார்த்தேன். சித்திரத்தை வைத்து வகுப்பேற்ற முடியாது, ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களால் அந்த வருடம் நிறைய நடந்தது.

இது நடந்து இரண்டு வருடம். கைக்குழந்தைகள் சேலைத் தொட்டிலில் தூங்குகிறார்கள். கட்டில்கள் பதுளைக்குப் போய் அடி மாற்றித் திரும்பி வந்தன. அவற்றில் ஆயா மாவு மூட்டையும் தன் குடையும் வைத்திருக்கிறாள். ஒன்று பங்களாவில் இருக்கிறது, துரைசாணியின் நாய் குட்டி போட்டபோது கேட்டு வாங்கிப் போனார்கள். குழுவை இன்னும் கலைக்கவில்லை, நான் இன்னும் அதன் உறுப்பினர். அந்தச் சிறுமி மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள் நான்காம் வகுப்பில் இருக்கிறார்கள்.